பள்ளிவாசல் எங்கே எழலாம்? சிங்கப்பூர் வகுத்த நில ஒழுங்கு

ஒரு பள்ளிவாசல் எழவிருக்கும் மனையை முன்னிட்டு ஓர் ஊர் இரண்டுபட்டு நிற்கும்போது வாதம் முழுவதும் மதத்தைப் பற்றியே நடப்பதாகத் தோன்றும். ஆயினும் அத்தகைய சர்ச்சைகளை நெருங்கி ஆராய்ந்தால், அந்த மனை யாருடையது, அதை வழிபாட்டுக்கென ஒதுக்கியவர் யார், ஒதுக்குவதற்கு முன் அக்கம்பக்கத்தில் வாழ்வோருக்கு என்ன சொல்லப்பட்டது என்னும் நிலம் சார்ந்த கேள்விகள் விடையின்றிக் கிடந்ததே பெரும்பாலான பூசல்களுக்கு வித்தாக அமைந்தது தெரியவரும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இந்துக்களின் ஊர்வலப் பாதையை ஒட்டி எழுந்த பள்ளிவாசலைக் குறித்த பிணக்கு 1882இல் கலவரமாக வெடித்து, அந்தப் பள்ளிவாசல் இடிக்கப்படும் அளவுக்குச் சென்றது. கலவரத்தைத் தூண்டியவர் என்று குற்றம் சாட்டப்பட்டுத் தண்டனையும் பெற்ற வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார் பின்னர் மேல்முறையீட்டில் விடுதலையாகி, 1920ஆம் ஆண்டின் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார் என்பதை எண்ணினால், அந்த ஒரு மனையின் வழக்கு எத்தனை பெரிய மனிதர்களின் வாழ்க்கையைத் தொட்டது என்பது புரியும். 2010இல் நியூயார்க் நகரில், 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் தகர்ந்த உலக வணிக மையத்திலிருந்து இரண்டு தெருக்கள் தள்ளித் திட்டமிடப்பட்ட ‘பார்க் 51’ என்னும் இஸ்லாமியப் பண்பாட்டு மையம் அமெரிக்கா முழுவதையும் கொந்தளிக்க வைத்தது. நகரின் தொன்மைச் சின்னங்களுக்கான ஆணையம் அங்கிருந்த பழைய கட்டடத்தை இடிக்கத் தடையில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்து, மேயர் மைக்கேல் புளூம்பெர்க் வழிபாட்டுரிமைக்கு ஆதரவாக வெளிப்படையாகப் பேசிய பின்னரும், திட்டமிட்ட வடிவில் அம்மையம் அங்கு எழவில்லை. சட்டத்தின் அனுமதி கையில் இருந்தும் ஊரின் சம்மதம் கிடைக்காமற்போன நிகழ்வு அது.

இத்தகைய நிலச் சிக்கலைச் சிங்கப்பூர் வேறு விதமாகக் கையாண்டது. அதன் பரப்பு 700 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோரில் பௌத்தர் 31.1 விழுக்காடு, கிறிஸ்துவர் 18.9, முஸ்லிம்கள் 15.6, தாவோ சமயத்தார் 8.8, இந்துக்கள் 5 விழுக்காடு. எச்சமயத்தையும் சாராதோர் 20 விழுக்காடு. இவ்வளவு நெருக்கமான ஊரில் எந்தப் பள்ளிவாசலும் ஏதேனும் ஒரு கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ அருகில்தான் எழவேண்டியிருக்கும். அப்படியிருந்தும் கடந்த அரை நூற்றாண்டில் ஒரு புதிய பள்ளிவாசலின் இடத்தை முன்னிட்டு அங்கே பெருங்கலவரம் எதுவும் மூளவில்லை. இதற்குக் காரணம் சிங்கப்பூரரின் இயல்பான பொறுமை என்று கூறுவது வரலாற்றை மறைப்பதாகும். ஏனெனில் அதே ஊரில் சமயத்தை முன்னிட்டு இரத்தம் சிந்தியிருக்கிறது. காரணத்தை நில ஒழுங்கில் தேடுவதே பொருத்தம். அந்த ஒழுங்குக்குப் பலர் கொடுத்த விலையையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

சைனாடவுனில் உள்ள சவுத் பிரிட்ஜ் ரோடு இந்த வரலாற்றின் தொடக்கத்தைக் காட்டும். 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை மாரியம்மனுக்குக் கோயில் எழுப்ப விரும்பியபோது, கிழக்கிந்தியக் கம்பெனி முதலில் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் இடம் அளித்தது. அங்கே வழிபாட்டுக்கு வேண்டிய நன்னீர் கிடைக்காததால் ஸ்டாம்ஃபோர்டு கால்வாயை ஒட்டி வேறோர் இடம் தரப்பட்டது. 1822இல் வரையப்பட்ட நகரத் திட்டம் அந்த இடத்தையும் வேறு பயனுக்கு ஒதுக்கிவிடவே, மூன்றாவதாகக் கிடைத்ததுதான் இன்று ஸ்ரீ மாரியம்மன் கோயில் நிற்கும் மனை. 1827இல் கோயில் எழுந்தது. சில கடைவீடுகள் தள்ளி, அதே சாலையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களான சூலியாக்கள் அன்சார் சாகிப் தலைமையில் 1826இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசல் நிற்கிறது. இன்றுள்ள அதன் கட்டடம் 1830களின் முற்பகுதியில் முடிக்கப்பட்டது. கோயிலின் ஒரு பக்கத்துத் தெருவுக்கு டெம்பிள் ஸ்ட்ரீட் என்றும், கோபுரத்தை முன்னிட்டு மறுபக்கத் தெருவுக்குப் பகோடா ஸ்ட்ரீட் என்றும், பள்ளிவாசலை ஒட்டிய தெருவுக்கு மாஸ்க் ஸ்ட்ரீட் என்றும் பெயர் வழங்குகிறது.

ஜாமிஆ பள்ளிவாசலின் முன் நின்று பார்ப்போருக்கு ஒன்று கண்ணில் படும். எண்கோண வடிவில் உயர்ந்த இரு மினாராக்களைக் கொண்ட வாயில் சாலையின் வரிசைக்கு நேராக நிற்க, உள்ளே தொழுகைக் கூடம் மட்டும் மக்காவின் திசையை, அதாவது கிப்லாவை நோக்கிச் சற்றே திரும்பி நிற்கிறது. நகரத் திட்டத்தின் கோட்டுக்கு வாயிலும், சமயத்தின் கோட்டுக்குக் கூடமுமாகக் கட்டியவர்கள் இரண்டையும் ஒரே மனைக்குள் நிறைவேற்றியிருக்கின்றனர். கடலூர், நாகப்பட்டினம், நாகூர் ஆகிய ஒரே கரையின் துறைமுகங்களிலிருந்து கப்பலேறி, ஒரே மொழி பேசி, ஒரே சந்தையில் கடை வைத்தவர்களே அக்கோயிலையும் பள்ளிவாசலையும் எழுப்பினார்கள் என்பதால், அவை அருகருகே அமைந்ததில் அன்று எவரும் வியக்கவில்லை. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் இடையிலான தொலைவு சர்ச்சைக்குரியதாவது, அவ்விரண்டுக்கும் உரியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்களாகும்போதுதான்.

லிட்டில் இந்தியாவில் இந்த அண்மை இன்னும் கூடுதல். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்கும் நடுவே, குஜராத்தி வணிகக் குடும்பமொன்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய அங்குலியா பள்ளிவாசல் உள்ளது; வெள்ளிக்கிழமைகளில் அது வங்கதேசத் தொழிலாளர்களாலும் தமிழகத் தொழிலாளர்களாலும் நிரம்பி வழியும். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலில் காவடி எடுத்துப் புறப்படும் பக்தர்கள் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை நோக்கி நடக்கையில் அந்தப் பள்ளிவாசலைக் கடந்தே செல்கின்றனர். பள்ளிவாசலின் முன் மேளம் கொட்டலாமா என்ற ஒரே கேள்வியை வைத்துப் பிரிட்டிஷ் இந்தியாவில் பல ஊர்கள் எரிந்தன என்பதை நினைவில் கொண்டால், இந்தக் காட்சியின் அருமை விளங்கும்.

டன்லப் ஸ்ட்ரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசல் தமிழருக்கு மேலும் நெருக்கமானது. அவ்விடத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மரத்தாலான ஒரு பள்ளிவாசல் இருந்தது. அருகிலிருந்த குதிரைப் பந்தயத் திடலில் பணியாற்றிய குதிரைக்காரர்களும் சுற்றுவட்டாரத் தமிழ் வணிகர்களும் அங்கே தொழுதனர். சட்ட நிறுவனமொன்றில் தலைமை எழுத்தராக இருந்த ஷேக் அப்துல் கஃபூர் அதன் பொறுப்பை ஏற்று, பள்ளிவாசல் நிலத்தில் கடைவீடுகள் கட்டச் செய்து, அவற்றின் வருவாயைக் கொண்டு 1907இல் புதிய கட்டடத்தைத் தொடங்கினார். இவ்வாறு ஒரு சொத்தை விற்கவோ வாரிசுக்கு எழுதவோ இயலாதபடி இறைவழிக்கென நிலையாக ஒப்படைத்து, அதன் வருவாயை மட்டும் அறத்துக்குச் செலவிடும் இஸ்லாமிய ஏற்பாட்டுக்கு வக்ஃபு என்று பெயர். பள்ளிவாசலின் நுழைவாயிலுக்கு மேல் 25 கதிர்களுடன் ஒரு சூரியன் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கதிரிலும் ஓர் இறைத்தூதரின் பெயர் அரபு எழுத்தில் அமைந்துள்ளது. கடைவாடகையில் எழுந்த அந்தக் கட்டடம் 1979 முதல் தேசிய நினைவுச் சின்னமாகக் காக்கப்படுகிறது.

இத்தகைய அண்மை மட்டுமே அமைதிக்குப் போதுமானது என்று நம்ப இடமில்லை என்பதை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி உணர்த்திற்று. மலாய் முஸ்லிம் தாய் ஒருவரால் வளர்க்கப்பட்ட டச்சுச் சிறுமி மரியா ஹெர்தோவை அவரைப் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டுமென நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அச்சிறுமி கிறிஸ்துவக் கன்னியர் மடத்தில் இருப்பதைக் காட்டும் படங்கள் செய்தித்தாள்களில் வெளியானதும் 1950 டிசம்பரில் பெருங்கலவரத்தை மூட்டின; 18 பேர் உயிரிழந்தனர், 173 பேர் காயமுற்றனர். 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 23 பேர் மாண்டனர். செப்டம்பரில் மீண்டும் மூண்டபோது மேலும் 13 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டு தனிநாடான சிங்கப்பூரின் தலைவர்கள் இந்த நினைவோடுதான் நிலத்தைக் கையாளத் தொடங்கினர்.

1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், பொதுப் பயனுக்கென எந்த நிலத்தையும் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கிற்று. கம்போங் எனப்படும் பழைய குடியிருப்புகள் அகற்றப்பட்டு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி நகரங்கள் எழுந்தபோது, அக்கம்போங்குகளில் இருந்த சூராவ்கள், அதாவது ஐவேளைத் தொழுகைக்கான சிறு தொழுகைக் கூடங்களும், மரத்தடி முனீஸ்வரன் கோயில்களும், சீனர்களின் குலதெய்வக் கோயில்களும், சிறு தேவாலயங்களும் ஒருசேர அகன்றன. இது எளிதில் கடந்து செல்லத்தக்க செய்தியன்று. தலைமுறைகளாக ஒரே ஆலமரத்தடியில் விளக்கேற்றிய குடும்பங்களுக்கும், தாத்தா கட்டிய சூராவில் பாங்கு சொன்னவர்களுக்கும் அந்த மண்ணே வழிபாட்டின் பாதி. அதை இழந்தவர்களில் பலருக்கு மாற்றிடம் கிடைக்கவில்லை. இடம் கிடைத்த சில கோயில்களோ, முன்பின் அறியாத பிற கோயில்களோடு ஒரே மனையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. சீனர்களிடையே ‘கூட்டுக் கோயில்’ என்னும் புதுவகை பிறந்ததும், இந்துக் கோயில்கள் சில இணைந்து இரட்டைப் பெயர் தாங்கியதும் இப்படித்தான்.

எனினும் இழப்பு எல்லாச் சமயத்துக்கும் பொதுவாக விழுந்ததால், ஒரு சமயத்தாரின் இடத்தைப் பறித்து இன்னொரு சமயத்தாருக்குக் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு வேர்பிடிக்கவில்லை. அத்தோடு, புதிய நகரங்களின் வரைபடத்திலேயே வழிபாட்டிடங்கள் முன்கூட்டிக் குறிக்கப்பட்டன. நகர மறுசீரமைப்பு ஆணையம் வெளியிடும் பெருந்திட்டம் என்பது, நாட்டின் ஒவ்வொரு மனையும் எதற்குப் பயன்படலாம் என்பதை வண்ணமிட்டுக் காட்டும் சட்டபூர்வமான வரைபடமாகும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அது மறுஆய்வு செய்யப்படுகிறது, வரைவு பொதுமக்களின் பார்வைக்கும் வைக்கப்படுகிறது. அதில் வழிபாட்டிடம் என்பது தனி வகை. ஆகவே ஒருவர் வீடு வாங்குமுன்னரே எதிர்மனையில் ஒரு பள்ளிவாசலோ கோயிலோ வரக்கூடும் என்பதை அறிந்துகொள்ள இயலும். பிற்பாடு எழும் அதிர்ச்சியை முன்கூட்டியே தணிப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

பள்ளிவாசல்களைப் பொறுத்தவரை ஏற்பாடு இன்னும் தெளிவானது. 1966இல் நிறைவேறி 1968இல் நடைமுறைக்கு வந்த முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்கீழ், முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் உருவானது. பள்ளிவாசல்களும் வக்ஃபு சொத்துகளும் அதன் பொறுப்பில் வந்தன. 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கப்பட்டு, முஸ்லிம் ஊழியர்களின் மத்திய சேம நிதி வழியாக மாதந்தோறும் 50 காசு பிடித்தம் செய்யப்பட்டது, விரும்பாதவர் விலகிக்கொள்ளலாம். அந்தச் சிறு தொகைகள் சேர்ந்து 1977இல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளிவாசலாக எழுந்தன. அதன்பின் அடுக்குமாடி நகரங்கள்தோறும் எழுந்த பள்ளிவாசல்களில் 2017இல் திறக்கப்பட்ட உட்லண்ட்ஸின் யூசுப் இஷாக் பள்ளிவாசல் 26ஆவது. எந்த நகரத்தில் அடுத்த பள்ளிவாசல் தேவை என்பதை முயிஸும் அரசும் கலந்து தீர்மானிக்கின்றன; பணமோ உள்ளூர் முஸ்லிம் ஊழியரின் சம்பளத்திலிருந்து வருகிறது. வெளிநாட்டுப் பணம், அரசியல் கட்சியின் அறிவிப்பு, தனிச் செல்வந்தரின் பெருமிதம் என்று பிற நாடுகளில் சர்ச்சைக்கு எண்ணெய் வார்க்கும் எதற்கும் இதில் பெரிய இடமில்லை.

கட்டடத்துக்கு அப்பாலும் விட்டுக்கொடுப்பு நிகழ்ந்தது. 1970களில் பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் தெருவை நோக்கியிருந்த நிலை மாறி உட்புறமாகத் திருப்பப்பட்டன. பாங்கு, அதாவது தொழுகைக்கான அழைப்பு, வானொலி வழியே வீடுகளைச் சென்றடைந்தது. முஸ்லிம்களில் பலருக்கு அது மனவருத்தம் தந்த மாற்றம். எனினும் சீனர்களும் இந்துக்களும் நிறைந்த அடுக்குமாடிகளின் நடுவே பள்ளிவாசல் எழுவதற்கு அது வழியைத் திறந்தது. இந்துக்களின் பக்கம், 1973 முதல் தைப்பூச ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. 2015இல் மேளம் தொடர்பாக எழுந்த தகராறில் சிலர் கைதானபோது தமிழரிடையே கொதிப்பு மிகுந்தது. 2016 முதல் பாதையின் சில இடங்களில் மட்டும் நேரடி இசை அனுமதிக்கப்பட்டது. இந்தக் கட்டுப்பாடு தேவைக்கு மேல் இறுக்கமானது என்ற தமிழரின் மனக்குறையில் நியாயம் உண்டு. ஓசையை ஒழுங்குபடுத்துவது வேறு, பக்தியின் உயிர்நாடியான தவிலையும் உறுமியையும் பல்லாண்டுக் காலம் ஊமையாக்குவது வேறு.

நில ஒழுங்கு தவறினால் சிங்கப்பூரிலும் சர்ச்சை மூளும் என்பதற்கு ஃபெர்ன்வேல் நிகழ்வு சான்று. செங்காங் வட்டாரத்தில் சீனக் கோயிலுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு மனையை 2014இல் ஏலத்தில் எடுத்தது, ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் துணை நிறுவனம். அங்கே கோயிலோடு வணிக நோக்கிலான அஸ்தி மாடமும், அதாவது தகனத்துக்குப் பின் அஸ்திக் கலசங்களை மாடங்களில் வைத்துக் காக்கும் இடமும் வரவிருப்பது, அருகில் புதுவீடு பதிவு செய்திருந்தவர்களுக்குப் பின்னரே தெரியவந்தது. விற்பனைக் கையேட்டில் அந்த மனை சீனக் கோயில் என்றும், அதில் அஸ்தி மாடமும் இடம்பெறலாம் என்றும் சிறு எழுத்தில் குறிக்கப்பட்டிருந்தும், வாழ்நாள் சேமிப்பைச் செலுத்தியவர்களுக்கு அது ஆறுதலாகவில்லை. மனுக்கள் எழுந்தன, 2015 ஜனவரி முதல் வாரத்தில் நடந்த குடியிருப்பாளர் கூட்டம் கொதித்தது. அம்மாத இறுதியில் தேசிய வளர்ச்சி அமைச்சர் கோ பூன் வான், வழிபாட்டுக்கான மனை இலாப நோக்குள்ள நிறுவனத்துக்குச் சென்றிருக்கக் கூடாது என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வணிக அஸ்தி மாடத் திட்டம் கைவிடப்பட்டது. அங்கே சச்சரவிட்டவர்கள் பெரும்பாலும் ஒரே இனத்தார். மதப் பகை எதுவும் இல்லை. அதே தவறு ஒரு பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் இடையே நேர்ந்திருந்தால் விளைவு எங்கே போய் நின்றிருக்கும் என்பதைக் கற்பனை செய்வது கடினமன்று.

நில ஒழுங்கு எட்டாத இடங்களும் உண்டு. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் படுகொலையால் தூண்டப்பட்டு, யூசுப் இஷாக் பள்ளிவாசலையும் செம்பவாங்கில் உள்ள அஸ்ஸியாஃபா பள்ளிவாசலையும் தாக்கத் திட்டமிட்ட 16 வயதுச் சிறுவன் ஒருவன் 2020 டிசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டான். ஒதுக்கீடும் வரைபடமும் ஒழுங்காக இருந்தும், வெறுப்பு கணினித் திரை வழியாக ஒரு பள்ளி மாணவனின் அறைக்குள் நுழைந்துவிட்டது.

அண்டை நாடான மலேசியாவில் 2025இல் நடந்தது தமிழருக்கு இன்னும் வலி தருவது. கோலாலம்பூரில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய மஸ்ஜித் இந்தியாவின் பெயரைத் தாங்கிய ஜாலான் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில், ஏறத்தாழ 130 ஆண்டு பழைமை கொண்டதாகக் கூறப்படும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் நின்ற நிலத்தை மாநகர மன்றம் 2014இல் ஜேக்கல் என்னும் துணி வணிக நிறுவனத்துக்கு விற்றிருந்தது. அந்நிறுவனம் அங்கே ‘மஸ்ஜித் மடானி’ என்ற பள்ளிவாசலைக் கட்டவிருப்பதும், பிரதமர் அன்வார் இப்ராஹிம் அதற்கு அடிக்கல் நாட்டவிருப்பதும் தெரியவந்தபோதுதான் நாடே அந்த விற்பனையைப் பற்றிப் பேசியது. கோயில் சட்டவிரோதமானது என்று ஒரு தரப்பும், நாட்டின் விடுதலைக்கும் முற்பட்ட கோயிலை எப்படிச் சட்டவிரோதம் என்பது என்று மறுதரப்பும் வாதிட்டன. இறுதியில் சுமார் 50 மீட்டர் தொலைவில் ஒதுக்கப்பட்ட மனைக்கு இடம்பெயரக் கோயில் நிர்வாகம் இசைந்தது. செலவை நிறுவனம் ஏற்றது. மார்ச் 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இரத்தம் சிந்தாமல் முடிந்தது என்பது சிறிய செய்தியன்று.

எனினும் அந்த 50 மீட்டரைப் பற்றிய பேச்சு 2014இல், விற்பனைப் பத்திரம் எழுதப்படுமுன், கோயில் நிர்வாகத்தையும் மாநகர மன்றத்தையும் ஒரே மேசையில் அமர்த்தி நடந்திருக்க வேண்டியது. அப்போது அதே மாற்றிடம், அதே நிறுவனம், அதே பள்ளிவாசல் என்று எல்லாம் இருந்திருக்கலாம். ஒரு சமயத்தாரின் வெற்றியாகவும் இன்னொரு சமயத்தாரின் தோல்வியாகவும் அது பேசப்பட்டிருக்காது. தோட்டங்களிலும் இரயில் பாதையோரங்களிலும் தமிழ்த் தொழிலாளர்கள் எழுப்பிய கோயில்கள் பல மலேசியாவில் இன்னும் நிலப்பட்டா இன்றியே நிற்கின்றன. அவை நிற்கும் மனைகள் ஒவ்வொன்றாகக் கைமாறுவதற்கு முன் அவற்றை அளந்து, பதிவு செய்து, உரிமையை எழுதித் தருவதோ மாற்றிடத்தை உறுதி செய்வதோ அங்குள்ள மாநில அரசுகள் உடனடியாகச் செய்ய வேண்டிய பணி.